வரும்போது மட்டும் நிற்கும் வண்டி

எப்சிபாவிடம் பழைய வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் முதலில் ஒரு விசாரணையைத் தாண்ட வேண்டும். தென்காசி யானைப்பாலத்துக்கு இந்தப் பக்கம், தகரம் வேய்ந்த அவளுடைய ஒர்க்‌ஷாப்பில், வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே அது தொடங்கிவிடும்.

"இதுல முதல்ல கை வச்சது யாரு?"

"யாரும் வைக்கலயே."

"யாரும் வைக்காமலா அண்ணாச்சி இந்த மூடி இப்படி வட்டமாப் போச்சு? பிறக்கும்போது இதுக்கு ஆறு மூலை இருந்திச்சு."

இந்தக் கேள்விக்கு ஆளானவர் ஆய்க்குடி நயினார். அப்பா ஓட்டிய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை மறுபடி ஓட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கொண்டுவந்திருந்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் குழாயின் உச்சியில் இருக்கும் மூடி திறக்கவில்லை. எப்சிபா பழந்துணியால் துருவைத் துடைத்துவிட்டு, மூடியின் ஓரத்தில் வரிசையாக இருந்த கீறல்களைக் காட்டினாள்.

"இது பைப் ரிஞ்சோட பல்லு. தண்ணிக்குழாய் மாட்டுதவன் வச்சிருக்கது. உங்க வீட்டுல யாரு பிளம்பரு?"

"மச்சினன்தாம்மா" என்றார் நயினார், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்கிறவர் குரலில். "ஒரே ஒரு தடவதான் திருகினான்."

"எந்தப் பக்கம்?"

நயினார் யோசித்தார். "ரெண்டு பக்கமும்."

எந்த மூடியும் தானாக இறுகுவதில்லை, ஒரு மனுசன்தான் அதை இறுக்குகிறான் என்பது எப்சிபாவின் கட்சி. ஒருவன் மரை மாறித் திருகியிருப்பான். ஒருவன் ஒழுகுகிறதென்று எம்சீல் வைத்திருப்பான். ஒருவன் துணிசோப்பைத் தேய்த்திருப்பான். செய்தவன் எவனும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். அதைச் சொல்ல வைத்துவிட்டால் பாதி மூடி திறந்த மாதிரி.

மீதிப் பாதிக்கு அவளிடம் சாமான்கள் இருந்தன. கடையில் வாங்கும் சாக்கெட் ஸ்பானரின் வாய் உள்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். தலை உயரம் குறைந்த பழைய மூடிகளை அது பிடிக்காமல் நழுவி, மூலைகளைத் தின்றுவிடும். எப்சிபா தன்னுடைய சாக்கெட்டுகளின் வாயைச் சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்து வைத்திருந்தாள். பிடிக்க மூலையே இல்லாத வட்ட மூடிகளுக்குப் பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கிழித்த பட்டைகள். மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்த ஒரு குப்பி. புளியங்கட்டையில் செய்த சுத்தியல். வெந்நீரில் நனைக்கத் துண்டுகள். எந்த மூடியையும் தளர்த்துவதற்கு முன்னால் ஒரு மயிரிழை இறுக்குவாள். ஏன் என்று கேட்டால், "அது எதிர்பாக்காதுலா" என்பாள். இறுக்கும்போது துரு நொறுங்கி வழிவிடும் என்பதுதான் காரணம், ஆனால் எல்லாக் காரணத்தையும் எல்லாரிடமும் சொல்வதில்லை.

ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவள். படித்து முடித்ததும் ஒரு ஷோரூமில் வேலை கிடைத்தது. சர்வீஸ் பிரிவு என்று சொல்லி எடுத்துவிட்டு, ஆறு வருஷமும் பில் போடும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையன்கள் உளியை வைத்து மூடிகளை உடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் ஜெஸி பிறந்தபோது வேலையை விட்டவள் திரும்பிப் போகவில்லை. இப்போது நாகர்கோவிலிலிருந்தும் புனலூரிலிருந்தும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தேடி வருகிறார்கள். மாற்றுப் பாகம் கிடைக்காத வண்டிகள். மூடி உடைந்தால் உடைந்ததுதான்.

இப்படி ஊரையே சந்தேகப்பட்டுப் பிழைத்தவளுக்கு, இந்த ஆடிச் சாரலில் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அவள் கணவன் ஜெபஸ்டின், பழைய குற்றாலம் போகும் சாலையில் ஒரு தங்கும் விடுதியில் மேனேஜர். பேர்தான் மேனேஜர், சாவி கொடுப்பதிலிருந்து வெந்நீர் பாய்லருக்கு விறகு தள்ளுவது வரை அவன்தான். தன் அப்பா வைத்திருந்த யெஸ்டியில்தான் போய்வருவான். சீசன் தொடங்கி இரண்டு வாரத்தில், ஆறு மணிக்கு வருகிறவன் ஏழேகாலுக்கு வரத் தொடங்கினான்.

"வண்டி நின்னுட்டு."

"எங்கன?"

"ஆயிரப்பேரிக்கு அங்கன."

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். எப்சிபா பிளக்கை மாற்றினாள். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினாள். காயிலை மாற்றினாள். காலையில் ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அவளே இலஞ்சிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். மணி மாதிரி ஓடியது. அன்று சாயங்காலமும் நின்றது.

"போவும்போது நிக்காத வண்டி, வரும்போது மட்டும் எப்படி நிக்கும்?"

"அதை வண்டிகிட்டக் கேளு. நீதான மெக்கானிக்கு."

"வண்டிகிட்டக் கேட்டுட்டேன். அது ஒண்ணும் இல்லங்குது."

"ஏட்டி, அப்ப நான் என்ன வேணும்னா நிப்பாட்டுதேன்?"

"அதத்தான் கேக்கேன்."

அதற்குப் பிறகு அவன் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. எப்சிபா கவனிக்கத் தொடங்கினாள். வெளியே சாரல் பிடித்துக்கொண்டிருக்கும், அவன் சட்டை காய்ந்திருக்கும். அப்படியானால் எங்கோ கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். சட்டையில் தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் பொரிக்கும் வாசனை. பக்கத்து வீட்டு உலகம்மாள் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் குளிக்கப் போய்விட்டு வந்து, துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்க வீட்டு அண்ணாச்சியப் பாத்தேன். ரோட்டோரம் ஒரு சிப்ஸ் கடையில. அந்தக் கடைக்காரிகூட நல்லாச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாவ. நான் ஏன் குறுக்க போவணும்னு கூப்பிடல."

எப்சிபா அன்று இரண்டு வண்டி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, சிவகிரியில் உரக்கடை வைத்திருக்கும் தன் அண்ணன் பெஞ்சமினுக்குப் போன் செய்தாள். அழவில்லை. நாள், நேரம், வாசனை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பெஞ்சமினுக்கு அது போதுமாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வருவதாகவும், ஒழுங்கான பதில் வராவிட்டால் தங்கச்சியையும் மருமகளையும் கையோடு சிவகிரிக்குக் கூட்டிப்போவதாகவும் சொன்னான். எப்சிபா சரி என்றாள். ஜெஸியிடம் பையில் துணியும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களும் எடுத்து வைக்கச் சொன்னாள். மாமா வீட்டுக்கு என்று மட்டும்தான் சொன்னாள். ஜெபஸ்டினிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் அவன் பஸ்ஸில் போவதாகச் சொன்னான்.

"பெட்ரோல் போடணும். டேங்க் மூடி திறக்க மாட்டேங்குது. நேத்து பங்குல வச்சு ரெண்டு பேரு திருகியும் வரல. நீ பாரு."

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, எப்சிபா வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இத்தனை நாளும் அவள் திறந்து பார்க்காத ஒரே இடம் அந்த டேங்க். சரியாக அதுவே இன்று பூட்டிக்கொண்டது என்றால் யார் நம்புவது? ஏதோ இருக்கிறது, பார் என்று வாயால் சொன்னாலும் அதை நான் பார்க்கக்கூடாது என்றுதான் நினைக்கிறான்.

டேங்க் மூடியில் வேலை செய்யும் முன்னால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். கீழே குழாயைச் செருகி, டின்னில் விட்டு, டேப்பைத் திறந்தாள். பெட்ரோல் விறுவிறுவென்று வந்தது. பிறகு இளைத்தது. பிறகு சொட்டுச் சொட்டாகி நின்றுவிட்டது.

தட்டிப் பார்த்தாள். உள்ளே இன்னும் இரண்டு லிட்டராவது தளும்பியது.

டேப்பில் தூசி அடைத்திருக்கும் என்று குழாயின் இந்த முனையில் வாயை வைத்து ஊதினாள். டேங்குக்குள் குமிழிகள் ஏறும் சத்தம் கேட்டது. மறுபடி பெட்ரோல் வந்தது. மறுபடி நின்றது.

எப்சிபா குழாயைக் கையில் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது. காற்றுப் போக இன்னொரு ஓட்டை வேண்டும். டேங்குக்கு அந்த இரண்டாவது ஓட்டை மூடியில்தான் இருக்கிறது, ஊசிக்கண் அளவில். அது அடைந்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெறுமையாகி, மூடியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது.

டேங்கை முழுக்க வடித்தாள். வெந்நீரில் துண்டை நனைத்து, பிழிந்து, மூடியின் மேல் சுற்றினாள். இரண்டு முறை மாற்றிச் சுற்றினாள். டியூப் பட்டையை மூடியைச் சுற்றி இறுக்கி, கையால் மேலிருந்து அழுத்தி, ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் நிதானமாக இழுத்தாள். நறுக்கென்று ஒரு சத்தம். மூடி கையோடு வந்தது. விரலில் நீலமாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டியது.

மெழுகு. போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய நீல மெழுகுவர்த்தி. பாதித் துண்டு வீட்டில் காணாமல் போயிருந்தது; எலி என்று நினைத்திருந்தாள்.

சாரல் காலத்தில் இந்தப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டேங்க் மூடிக்குப் பாலித்தீன் கட்டுவார்கள். போன வருஷம் ஜெபஸ்டின் கட்டாமல் விட்டு, மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி, அதற்காக அவள் ஒரு வாரம் அவனைப் பேசியிருந்தாள். இந்த வருஷம் மனுசன் கெட்டிக்காரத்தனமாக மெழுகைத் தேய்த்து அடைத்திருக்கிறான். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு பூச்சு. பூச்சின் மேல் பூச்சு.

வண்டி வரும்போது மட்டும் நிற்பதற்கும் காரணம் தெரிந்துவிட்டது. விடுதியில் பாய்லர் பக்கம் நாளெல்லாம் நிற்கிறது. டேங்க் கொதிக்கும். அங்கிருந்து நேராகக் குளிர்ந்த சாரலுக்குள் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று நுழைய வழியில்லை. பெட்ரோல் நிற்கும். வண்டி நிற்கும்.

அவன் பொய் சொல்லவில்லை.

இந்த நினைப்பு வந்த வேகத்திலேயே இன்னொன்றும் வந்தது. தாமதத்துக்குச் சாக்கு வேண்டுமென்று அவனே அடைத்திருந்தால்? எப்சிபா தன்னைத்தானே நம்புகிறவள் இல்லை. கணக்குப் போட்டால் விடை பார்க்க வேண்டும். பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, வெதுவெதுப்பான மெழுகை அதே ஓட்டையில் அழுத்தி, ஓரத்திலும் பூசி மூடினாள். வண்டியை மத்தியான வெயிலில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினாள். தென்காசியில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஐந்து மைலுக்கு அப்பால் மலையடியில் சாரல் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு ஏறி உதைத்தாள்.

ஆயிரப்பேரி தாண்டி, முதல் தூறல் முகத்தில் விழுந்த கொஞ்ச தூரத்தில், வண்டி இரண்டு முறை இருமியது. நின்றது.

செல்போனில் மணி பார்த்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உதைத்தாள் என்று சொல்ல முடியாது; நிமிடத்துக்கு ஒரு முறை உதைத்தாள். எட்டாவது நிமிடம் கிளம்பியது. மூடிக்குள் இருக்கும் கார்க் வாசரின் இடுக்கு வழியே காற்று மெதுவாக உள்ளே போயிருந்தது.

எட்டு நிமிடம். அவன் தாமதமோ ஒன்றேகால் மணி நேரம்.

ஆக, மீதி நேரம் முழுக்க அந்தக் கடையில்தான். அவள் ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

சிப்ஸ் கடை ஓலைச் சார்ப்பில் இருந்தது. சட்டிக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு, மூக்கில் வேர்வை. வண்டியைப் பார்த்ததும் அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

"இந்தச் சவத்து வண்டி இன்னிக்கு வேற ஆள ஏத்திக்கிட்டு வந்திருக்கே! நீங்க யாரு தாயி?"

"மெக்கானிக்கு. ரிப்பேருக்கு வந்திருக்கு" என்றாள் எப்சிபா. இரண்டும் உண்மைதான்.

"நல்லாப் பாருங்க. தினம் இங்கனதான் நிக்கும். அந்த அண்ணாச்சி உருட்டிக்கிட்டு வந்து, இந்தப் பெஞ்சில ஒரு மணி நேரம் உக்காருவாவ. நான்கூடச் சொன்னேன், 'ஏன் சும்மா உக்காந்திருக்கிய, ஒரு உதை உதைச்சுத்தான் பாருங்களேன்'னு. மாட்டேன்னுட்டாவ."

"ஏன்?"

"அவிய பொஞ்சாதி பெரிய மெக்கானிக்காம்லா. ஓடுத வண்டி நின்னா இஞ்சின் நல்லா ஆறுத வரைக்கும் தொடக்கூடாது, தொட்டா பிஸ்டன் புடிச்சிரும்னு சொல்லியிருக்காவளாம். கையால தொட்டுத் தொட்டுப் பாப்பாவ. சூடு போனாத்தான் உதைப்பாவ." அவள் சிப்ஸை அரித்து எடுத்துத் தாளில் கொட்டினாள். "நான் சிரியாச் சிரிப்பேன். 'பொஞ்சாதி இல்லாத இடத்துலயும் இம்புட்டுப் பயமா வேய்'னு கேப்பேன். முத்துவடிவுன்னா இங்க எல்லாருக்கும் தெரியும், நான் யாரையும் விட மாட்டேன்."

எப்சிபா பெஞ்சில் உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில், ஒரு கோடையில், எண்ணெய் இல்லாமல் அந்த வண்டி சூடேறி நின்றபோது அவள்தான் அப்படிச் சொன்னாள். அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"வேற என்ன சொல்லுவாவ?"

"பொஞ்சாதியப் பத்தியா? நல்ல மனுசி, கைராசிக்காரிம்பாவ." முத்துவடிவு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா என்ன சொன்னாலும் நம்ப மாட்டாளாம். 'நான் சொல்லுததையே விட்டுட்டேன், வடிவு'ன்னு நேத்துச் சொன்னாவ. பாவமா இருந்திச்சு. இந்தாங்க, தின்னுங்க."

எப்சிபா தின்னவில்லை. கடைக்குப் பின்னால் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நாளைக்கு வராண்டாம். நான்தான் தப்பா நினைச்சுட்டேன். வண்டி நெசமாவே நின்னிருக்கு."

அந்தப் பக்கம் பெஞ்சமின் கடையை விட்டு வெளியே இறங்கும் சத்தம் கேட்டது.

"அவன் பக்கத்துல நிக்கானா?"

"இல்லண்ணே."

"நிக்கான்னா ஒரு தடவ இருமு. நான் புரிஞ்சுக்கிடுதேன்."

"அண்ணே, யாரும் இல்ல. டேங்க் மூடியில மெழுகு வச்சு அடைச்சிருந்தாவ. நானே ஓட்டிப் பாத்தேன்."

"மெழுகா? ஏட்டி எப்சி, அன்னிக்கு நாள் நேரமெல்லாம் சொன்னியே. சட்டை வாசனை சொன்னியே. உலகம்மா கண்ணால பாத்ததைச் சொன்னியே. இன்னிக்கு மெழுகுங்க. உன்னை எவனோ நல்லா மிரட்டியிருக்கான். ஆராதனை முடிஞ்சு வாரேன்னு சொன்னேன்லா? இப்ப விடியக்காலமே வாரேன். பிள்ளையத் தயாரா வை."

"அண்ணே..."

வைத்துவிட்டான். திரும்ப அழைத்தாள், எடுக்கவில்லை. அவள் அவனுக்குள் திருகி ஏற்றிய சந்தேகம் நன்றாகவே இறுகியிருந்தது.

ஐந்தரை மணிக்கு ஜெபஸ்டின் குடையோடு விடுதி வாசலுக்கு வந்தபோது, யெஸ்டி மேல் சாய்ந்துகொண்டு எப்சிபா நின்றிருந்தாள். அவன் முதலில் டேங்க் மூடியைப் பார்த்தான். பிறகுதான் அவள் முகத்தை.

"தொறந்துட்டியா? தண்ணி இறங்கக்கூடாதுன்னுதான் நான் அந்த மெழுகை..."

"நான் ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக்கூடாது."

சொன்னாள். காய்ந்த சட்டை, எண்ணெய் வாசனை, உலகம்மாள், அண்ணன், ஜெஸியின் பை. எதையும் சுருக்கவில்லை. சிப்ஸ் கடைக்காரியைப் பற்றி என்ன நினைத்திருந்தாள் என்பதையும் விடவில்லை. ஜெபஸ்டின் குடையை மடக்கினான்; தூறல் விட்டிருக்கவில்லை.

"ஒரு மாசமாவா?"

"ஆமா."

"ஜெஸிக்குத் தெரியுமா?"

"மாமா வீட்டுக்குப் போறோம்னு மட்டும்தான் தெரியும்."

அவன் மடக்கிய குடையை வண்டியில் செருகினான். பிறகு சாவிக்குக் கையை நீட்டினான்.

"மச்சான் வரட்டும். வாரவியளுக்குக் கறி எடுப்போம். ஆனா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இப்ப என்கிட்டச் சொன்னல்லா, அதை அப்படியே அவிய முன்னால நீதான் சொல்லணும். முத்துவடிவையும் சேத்து."

"சொல்லுதேன்."

எப்சிபா மூடியைத் திறந்து, நகத்தால் மெழுகைச் சுரண்டி எறிந்து, ஊசிக்கண்ணை ஊதிப் பார்த்துவிட்டு மூடினாள். அவன் ஓட்டினான். அவள் பின்னால் உட்கார்ந்தாள். கடையைத் தாண்டும்போது முத்துவடிவு இருவரையும் ஒன்றாகப் பார்த்துக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஜெபஸ்டின் கையைத் தூக்கினான், தினமும் தூக்குவதைப் போல.

சட்டைக் காலருக்கு மேலே அவன் கழுத்து ஈரமாக இருந்தது. கோபமாக இருக்கிறானா, மன்னித்துவிட்டானா, நாளைக்கு அண்ணன் முன்னால் வேறு ஏதாவது வைத்திருக்கிறானா என்று அந்தக் கழுத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆயிரப்பேரி வரைக்கும்தான் அடக்க முடிந்தது.